மின் இணைப்பே இல்லாத இடத்துக்கு எத்தனை வாட் சோலார் ஜெனரேட்டர் வாங்கலாம்?

சோலார் ஜெனரேட்டர் என்பது பேட்டரி அடங்கிய, சோலார் பேனலில் சார்ஜ் ஆகும் ஒரு பெட்டிதான். எத்தனை வாட் என்று கேட்கிறீர்கள். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பதும் அந்த எண்தான். ஆனால் ராத்திரி முழுக்கத் தாங்குமா என்பது அதில் தெரியாது. ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பதைத்தான் வாட் சொல்லும். எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்கு வாட் ஹவர், அதாவது வாட்டை மணி நேரத்தால் பெருக்கி வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். விளக்கு, மின்விசிறி, போன், மடிக்கணினி, இந்த அளவில்தான் உங்கள் தேவை இருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன்.

என் அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் கருவி இல்லாமல் படுக்கக் கூடாது. அவருக்கோ தோட்டத்து வீட்டில்தான் மனசு. அங்கே கரண்ட் கிடையாது. "வயசான மனுஷனை அங்கே கொண்டுபோய் வைக்காதே" என்று வீட்டில் எல்லாரும் ஒரே பேச்சு. பேட்டரி வாங்கும் முன்பே, பிளக்கில் செருகும் வாட் மீட்டரில் அந்தக் கருவியைப் போட்டுப் பார்த்தேன். காற்றை ஈரப்படுத்தத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரோடு 50 வாட் வரை இழுத்தது. ஹீட்டரை நிறுத்தினால் 20 வாட்தான். 8 மணி நேரத்துக்கு 400 வாட் ஹவர் எங்கே, 160 எங்கே! டாக்டரிடம் கேட்டோம், ஹீட்டர் இல்லாமல் படுக்கலாம் என்றார். (உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.)

இன்னொரு விஷயம், இதை விற்பவர்கள் வாயே திறப்பதில்லை. பேட்டரியின் டிசி மின்சாரத்தை வீட்டு மின்சாரமான ஏசியாக மாற்ற பெட்டிக்குள் இருக்கும் இன்வெர்ட்டர் சும்மா ஆன் செய்து வைத்தாலே 10, 15 வாட் தின்னும். ராத்திரி முழுக்க என்றால் 100 வாட் ஹவர் போய்விடும். 20 வாட் கருவிக்கு அது எவ்வளவு பெரிய நஷ்டம்! அதனால் ஏசி பக்கமே போகாமல், கருவிக்கென்றே விற்கும் டிசி அடாப்டரை வாங்கி 12 வோல்ட் சாக்கெட்டில் செருகினேன். பல பெட்டிகளில் எக்கோ மோட் என்று ஒன்று உண்டு. இழுப்பு குறைவாக இருந்தால் தானாக அணைந்துவிடும். மூச்சுக் கருவி ஓடும் வீட்டில் அதை முதலில் ஆஃப் செய்யுங்கள்.

500 வாட் ஹவர் பெட்டியே போதுமானதாக இருந்தது. "1500 வாங்கு, 2000 வாங்கு" என்றவர்கள் யாரும் மீட்டரைத் தொட்டதில்லை. அப்பா அங்கே நிம்மதியாகத் தூங்குகிறார், எனக்கு அதில் பெருமைதான்.

பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டா என்று கேளுங்கள். எடை கூடும், ஆனால் 2000 முறைக்கு மேல் ஏற்றி இறக்கினாலும் 80 சதவீதம் கொள்ளளவு நிற்கும். பழைய வகை லித்தியம் அயான் பெட்டிகள் பலவற்றுக்கு 500 முறை என்றுதான் போட்டிருப்பார்கள். மில்லி ஆம்பியர் ஹவரில் (mAh) கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். 1,00,000 என்று மிரட்டுவது 3.7 வோல்ட்டில் வெறும் 370 வாட் ஹவர்.

பேனல் 100 வாட் என்றால் நல்ல வெயிலிலும் 70 வந்தால் சந்தோஷப்படுங்கள். அந்த 100 ஆய்வகத்தில், செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்த அளவு. சூடு ஏற ஏற மின்சாரம் குறையும். ஓரத்தில் ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே பாதி போகலாம். மேகமூட்டம் இருக்கும் நாளையும் சேர்த்து யோசித்து, பேனலை ஒரு படி பெரிதாக எடுங்கள். பெட்டியின் இன்புட் வோல்ட்டேஜ் உச்ச வரம்பை மட்டும் பேனல் தாண்டக் கூடாது. பேனல் வெயிலில், பெட்டி நிழலில்.

"பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்க இதெல்லாம் எதற்கு" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். மூச்சு தடைபடும் மனிதர் படுத்திருக்கும் அறைக்கு வெளியே கார்பன் மோனாக்சைடு கக்கும் எஞ்சினை ராத்திரி முழுக்க ஓட்டச் சொல்கிறீர்களா? சத்தத்தை விடுங்கள், அந்த வாயு மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் மாஸ்க்கில் முகத்தோடு ஒட்டும் சிலிகான் வளையம் மட்டும் தேய்ந்துபோனது. கருவி விற்ற இடத்தில் அதைத் தனியாகத் தர மாட்டோம், முழு மாஸ்க்கும் வாங்குங்கள் என்கிறார்கள். பட்டையும் சட்டமும் புதுசு மாதிரி இருக்கும்போது எதற்குத் தூக்கிப் போட வேண்டும்? நோயாளிதானே, எப்படியும் வாங்குவான் என்ற தைரியம். எத்தனை முறை கேட்டும் இதே பதில்தான்.

ஃப்ரிட்ஜ் ஓட்ட வேண்டுமென்றால் சர்ஜ் வாட்டையும் பாருங்கள். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிட மூன்று மடங்கு, சில நேரம் அதற்கு மேலும் இழுக்கும். தண்ணீர் மோட்டார் உங்கள் பட்டியலில் இருந்தால் இந்தச் சின்னப் பெட்டிகளை நம்ப வேண்டாம், அதற்குத் தனியாக சோலார் பம்ப் போட்டுக்கொள்ளுங்கள்.