கோடு எங்கே?

அன்புள்ள ஐயா,

சாமுவேல் பிலிம்சாலைப் பற்றிப் படித்தேன். லண்டன் நிலக்கரி வியாபாரி. 1868-இல் டெர்பியின் லிபரல் எம்.பி. ஆனார். கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றுவதைத் தடுத்தார். நிர்வாகத் திறமையுள்ள தொழிலதிபர்கள் அரசியலுக்கு வந்தால் நாட்டுக்கு நல்லது என்பதற்கு இவர் ஒருவர் போதாதா? வியாபாரிகள் என்றாலே நீங்கள் ஏன் முகம் சுளிக்கிறீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

நிர்வாகத் திறமையா? 1853-இல் லண்டனில் நிலக்கரி வியாபாரம் தொடங்கி, இரண்டே வருடத்தில் மண்ணைக் கவ்வியவர் ஐயா அவர். வாரத்துக்கு எட்டு ஷில்லிங்கூட இல்லாமல், கூலிக்காரர்களோடு மலிவு விடுதியில் படுத்தெழுந்தார். அப்புறம் மீண்டு சம்பாதித்தார், சரி. மாலுமிகளுக்காக 1873-இல் போட்ட புத்தகத்தில் அந்த விடுதி நாட்களை மறக்காமல் எழுதினார். என் முகச்சுளிப்பைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.

எனக்கு எரிச்சல் தந்தது உங்கள் ‘தடுத்தார்’ என்ற சொல். எத்தனை சுலபமாக எழுதிவிட்டீர்கள்! ஓட்டைக் கப்பலுக்கு இன்சூரன்ஸ் போட்டு, கழுத்துவரை சரக்கேற்றி அனுப்பினார்கள். மூழ்கினாலும் முதலாளிக்கு நஷ்டமில்லை. கையெழுத்துப் போட்ட மாலுமி ஏற மறுத்தால் அவனுக்கு ஜெயில். 1875 ஜூலை 22 அன்று, கப்பல் மசோதாவைக் கைவிடுவதாகப் பிரதமர் டிஸ்ரேலி சொன்னதும் பிலிம்சால் அவையிலேயே வெடித்தார். உறுப்பினர்களை அயோக்கியர்கள் என்றார். ஒரு வாரம் கழித்து மன்னிப்பும் கேட்டார். ஆனால் அதற்குள் ஊர் அவர் பக்கம் திரும்பிவிட்டது. மறுவருடம் சட்டம் வந்தது.

சட்டம் என்ன சொன்னது தெரியுமா? கப்பலின் பக்கவாட்டில் கோடு கட்டாயம்; சரக்கேற்றினால் அதுவரைதான் கப்பல் தண்ணீரில் அமிழலாம். எங்கே போடுவது? அது முதலாளி இஷ்டம்! ஒருவர் புகைபோக்கியிலேயே வரைந்தார் என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, அந்தச் சட்டப்படி அதில் தப்பில்லை. கோட்டின் இடத்தைச் சட்டமே நிர்ணயிக்க 1890 ஆயிற்று. பதினான்கு வருடம், கே. கோடு இருந்தது, பெயிண்ட் இருந்தது, அபராதம்கூட இருந்தது. இடம் மட்டும் இல்லை. இன்றைக்கும் எந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கோடு எங்கே? நீங்களோ கோட்டைப் போட்டவரின் பழைய தொழிலைக் கேட்கிறீர்கள். இத்தனைக்கும் இந்தக் கோட்டுக்காக அவருக்கு முன்பே குரல் கொடுத்த ஜேம்ஸ் ஹால் ஒரு கப்பல் முதலாளி. உங்கள் கட்சிக்கு இன்னும் நல்ல சாட்சி அவர்தான். எடுத்துக்கொள்ளுங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதம் வந்தபோது நான் என் மாமாவை நினைத்துக்கொண்டிருந்தேன். தூத்துக்குடியில் சரக்குக் கணக்கு எழுதியவர். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, உப்பு ஏற்றிக்கொண்டிருந்த ஒரு கப்பலைச் சுற்றித் தோணியில் கூட்டிப்போனார். துருப்பிடித்த இரும்புச் சுவரில் ஒரு வட்டம், அதன் குறுக்கே கோடு, பக்கத்தில் ஏணிப்படி போலச் சின்னக் கோடுகள். வட அட்லாண்டிக் குளிருக்கு எல்லாவற்றுக்கும் கீழே ஒன்று. நம் வெப்பக் கடலுக்கு வட்டக் கோட்டுக்கு மேலே ஒன்று.

“அலை ஏறையில பாக்காத மருமவனே, எறங்கையிலயும் பாக்காத. நடுவுல நிக்கும் பாரு, அப்பப் பாரு” என்றார். தோணியில் கூட வந்த கப்பல் அதிகாரியும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேலே நிமிர்ந்து கையைக் குறுக்கே ஆட்டினார். கொக்கியில் தொங்கிய உப்பு மூட்டைகள் கொஞ்ச நேரம் அப்படியே ஆடிவிட்டுத் திரும்பக் கரைக்கே போயின.