மிளகாய்க் குருத்தை மைக்ரோஸ்கோப்பில் எப்படிப் பார்ப்பது?

கேள்வி: பினாங்கு, புக்கிட் மெர்தாஜத்தில் பைகளில் மிளகாய் போட்டு, சொட்டுநீரில் உரம் விடுகிறேன். குருத்து இலைகள் சுருண்டு சிறுத்துவிட்டன. சைபர்மெத்ரின் பூச்சிமருந்து அடித்தும் கேட்கவில்லை. மகனின் பள்ளி மைக்ரோஸ்கோப்பில் இலையை வைத்தால் ஒரே இருட்டு. சில செடிகள் பச்சையாக இருக்கும்போதே வாடுகின்றன. தண்டையும் பார்க்க வேண்டுமா?

பதில்: ஐயா, முதலில் சைபர்மெத்ரினை நிறுத்துங்கள். இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. விளிம்பு மேல்நோக்கி மடிந்தால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பும் நீண்டிருந்தால் முரணைச் சிலந்தி, அதாவது இலைச்சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய ‘மைட்’. சிலந்தியாக இருந்தால் சைபர்மெத்ரின் கேட்காது. அதைத் தின்னும் நன்மை செய்யும் சிலந்திகளைக் கொன்று, தொல்லை இன்னும் பெருகத்தான் வழிவிடும்.

பள்ளி மைக்ரோஸ்கோப்பில் வெளிச்சம் கீழிருந்து வருகிறது, அது இலையைத் தாண்டி வராது. அடிவிளக்கை அணைத்துவிட்டு, டார்ச் லைட்டை மேலிருந்து சாய்வாகப் பிடியுங்கள். மிகச் சிறிய லென்ஸ் போதும். 4 மடங்கு லென்ஸும் 10 மடங்கு கண்வில்லையும் சேர்ந்தால் 40 மடங்கு. 400க்குத் தாவினால் லென்ஸ் இலையில் இடித்துவிடும்.

எந்த இலையைப் பறிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முற்றாகச் சுருண்டு தடித்த பழைய இலையில் தேடுவது வீண். சிலந்திகள் இளசான திசுவைத் தேடி மேலே போயிருக்கும். அப்போதுதான் விரியும் குருத்திலையைப் பறித்து, தபால்தலை அளவுக்கு வெட்டி, அடிப்பக்கம் மேலே வரும்படி வையுங்கள். நடுநரம்பை ஒட்டி நிதானமாக நகர்த்திப் பாருங்கள். சிலந்தி 0.2 மில்லிமீட்டர்தான், வெளிர்மஞ்சளாக, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். ஓடுகிற சிலந்தியைவிட முட்டைதான் உறுதியான சான்று: நீள்வட்டமாக, மேலே வெள்ளைக் குமிழ்கள் வரிசை வரிசையாக இருக்கும். மிளகாயில் வரும் வேறு பூச்சி முட்டைகளில் பொதுவாக இந்தக் கோலம் இராது.

முட்டை தெரிந்தால் நனையும் கந்தகத்தூளை லேபிளில் உள்ள அளவுப்படி, வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். நம் வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும். ஆகவே ஒருமுறையோடு விட்டுவிடாதீர்கள். எண்ணெய் கலந்த மருந்தைக் கந்தகத்தோடு சேர்க்கவே கூடாது, இலை கருகிவிடும். எதுவும் அகப்படாமல் இலையில் மஞ்சள் தேமல் மட்டும் இருந்தால், வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கலாம். அந்தச் செடியைக் குணமாக்க மருந்து கிடையாது, பிடுங்கிவிடுங்கள்.

வாடும் செடியின் தண்டைக் கட்டாயம் பாருங்கள். வேருக்கு மேலே ஒரு விரல் நீளம் வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் நுனி மட்டும் மூழ்கும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். மைக்ரோஸ்கோப்பிலும் பார்க்கலாம்: பிளேடால் மெல்லிய சீவல் எடுத்து, ஒரு சொட்டு நீரில் வைத்து மூடி, அடிவிளக்கைப் போட்டு 100 மடங்கில் பார்த்தால், சீவலின் விளிம்பிலிருந்து கலங்கல் தொடர்ந்து பெருகி வரும். இழை இறங்காமல் தண்டின் உட்புறம் மட்டும் பழுப்பாக இருந்தால் பூஞ்சை வாடலைச் சந்தேகிக்க வேண்டும்.

எந்த வாடலானாலும் பையோடு அகற்றுங்கள், பையில் செடி வளர்ந்த அந்த ஊடகத்தை வேறு பையில் மறுபடி நிரப்பாதீர்கள். கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்த செடியைத் தொடுங்கள். சந்தேகம் தீராவிட்டால், வாடிய செடி ஒன்றை வேரோடு மாவட்ட விவசாய அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.