பீட்டா வெளியேறினால் அணு எண் ஏன் கூடுகிறது?

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். ஆல்பா சிதைவுக்குச் சமன்பாடு எழுத வருகிறது, பீட்டாவில்தான் குழம்புகிறேன். ஒரு துகள் வெளியே போனால் அணு எண் குறையத்தானே வேண்டும், எப்படிக் கூடுகிறது? தோரியம்-232 கடைசியில் ஈயம்-208 ஆக எத்தனை ஆல்பா, எத்தனை பீட்டா என்ற கணக்கிலும் விடை மாறி மாறி வருகிறது.

பதில்: தனிமக் குறியீட்டுக்குக் கீழே எழுதும் அணு எண்ணைப் புரோட்டான்களின் எண்ணிக்கை என்று மட்டும் மனத்தில் வைத்திருப்பதால் வரும் குழப்பம் இது. அணுக்கருவுக்கு அது சரி. எலக்ட்ரானில் புரோட்டான் ஏது? கீழே இருப்பதை மின்சுமை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்பாவுக்கு +2, பீட்டாவாக வெளிவரும் எலக்ட்ரானுக்கு −1, நியூட்ரானுக்கு 0. மேலே இருப்பது நிறை எண், அதாவது புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை. அம்புக்குறியின் இரு பக்கமும் மேல் எண்களின் கூட்டுத்தொகை சமமாக வேண்டும், கீழ் எண்களுக்கும் அப்படியே. வேதிச் சமன்பாடு போல முன்னால் 2, 3 என்று போட்டுச் சமன்செய்யும் வேலை இங்கே கிடையாது. சிதைவது ஒரே ஒரு அணுக்கரு.

நீங்கள் கேட்ட தோரியம்-232, கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம். அடைப்புக்குறிக்குள் முதலில் இருப்பது மேல் எண் (நிறை எண்), அடுத்து இருப்பது கீழ் எண் (அணு எண் அல்லது மின்சுமை).

தோரியம் (232, 90) → ரேடியம் (228, 88) + ஆல்பா (4, 2)

ரேடியம் (228, 88) → ஆக்டினியம் (228, 89) + எலக்ட்ரான் (0, −1) + எதிர் நியூட்ரினோ (0, 0)

இரண்டாவதில் கீழ் எண்களைக் கூட்டுங்கள்: 89 − 1 = 88. சமன். அந்த எலக்ட்ரான் அணுக்கருவுக்குள் முன்பே இருந்ததல்ல. ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும் அந்தக் கணத்தில் உருவாகி வெளியேறுகிறது. புரோட்டான் ஒன்று கூடியதால் அணு எண்ணும் ஒன்று கூடியது. எதிர் நியூட்ரினோ கூட்டுத்தொகையை மாற்றாது என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள். வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றல் ஒரே அளவாக இல்லாததை விளக்கத்தான் இயற்பியலாளர் பவுலி 1930-இல் கண்ணுக்குத் தெரியாத இப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்றார்.

எழுதும்போது முதலில் எண்களைக் கண்டுபிடியுங்கள். பிறகே தனிம அட்டவணையைப் பார்த்துப் பெயர் போடுங்கள். பெயரை ஊகித்துவிட்டு எண்ணைத் தேடினால் தவறும்.

இனி தொடர் கணக்கு. உங்களுக்கு விடை மாறுவது அநேகமாக அணு எண்ணிலிருந்து தொடங்குவதால்தான் இருக்கும். அணு எண்ணை ஆல்பா, பீட்டா இரண்டுமே மாற்றுகின்றன. அதை வைத்து மட்டும் எதையும் பிரித்தறிய முடியாது. நிறை எண்ணை ஆல்பா மட்டுமே மாற்றும். ஆகவே அங்கிருந்து தொடங்குங்கள். 232 − 208 = 24; நான்கால் வகுத்தால் 6 ஆல்பா. அவை அணு எண்ணில் 12 குறைத்து 90-ஐ 78 ஆக்கும். ஈயத்துக்கு 82 வேண்டும், எனவே 4 பீட்டா.

இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பிஸ்மத்-212. அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஏறத்தாழ 64 விழுக்காடு பீட்டாவை முதலில் விட்டுப் பொலோனியம்-212 ஆகிறது. மீதி ஆல்பாவை முதலில் விட்டுத் தாலியம்-208 ஆகிறது. அடுத்த படியில் இரண்டும் ஈயம்-208-இல் வந்து சேர்கின்றன. வரிசை மாறினாலும் ஓர் ஆல்பா, ஒரு பீட்டா என்ற கணக்கு மாறுவதில்லை.

மின்சுமைக் கணக்கு பிடிபட்டால் மற்ற வகைகளும் எளிது. பெட் ஸ்கேனில் பயன்படும் ஃபுளூரின்-18, நேர் மின்சுமை கொண்ட எலக்ட்ரானான பாசிட்ரானை வெளியிடுகிறது:

ஃபுளூரின் (18, 9) → ஆக்சிஜன் (18, 8) + பாசிட்ரான் (0, +1) + நியூட்ரினோ (0, 0)

எலக்ட்ரான் கவர்தலில் மட்டும் எலக்ட்ரானை இடப்பக்கம் எழுத வேண்டும். அணுக்கரு அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது:

பொட்டாசியம் (40, 19) + எலக்ட்ரான் (0, −1) → ஆர்கான் (40, 18) + நியூட்ரினோ (0, 0)

காமாக் கதிருக்கு இரண்டு எண்ணும் 0, தனிமம் மாறாது.

ஒரு எச்சரிக்கை: நிறை எண் சமமாவதால் நிறையும் சமம் என்று எழுதிவிடாதீர்கள். தோரியம்-232 சிதையும்போது மிகச் சிறிதளவு நிறை குறைந்து, சுமார் 4 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலாக வெளிப்படுகிறது.

யுரேனியம்-238 (அணு எண் 92) ஈயம்-206 ஆவதை இதே முறையில் போட்டுப் பாருங்கள். 8 ஆல்பா, 6 பீட்டா வர வேண்டும்.