பட்டறைப் பதில்கள்: சாய்ந்து நிற்கும் வால்வு

மழை விட்டு உழவு தொடங்கினால் எனக்கு டயர் கடிதங்கள்தான். இந்த முறை வந்த ஏழில் நான்கு அந்த வகை. மற்றவை அடுத்த இதழுக்கு.

கேள்வி: எங்கள் டிராக்டரின் வலது பின்சக்கர டியூபில் காற்றடிக்கும் வால்வு அடியோடு பிய்ந்துவிடுகிறது. இந்த வருஷம் இது மூன்றாவது டியூப். முள்ளும் இல்லை, ஆணியும் இல்லை. பஞ்சர் கடைக்காரர் டியூப் தரம் சரியில்லை என்கிறார். எந்தக் கம்பெனி டியூப் வாங்கலாம்? (வாசகர், வாழப்பாடி)

கம்பெனியை விடுங்கள் ஐயா. ஒரே சக்கரத்தில் மூன்று டியூப் ஒரே இடத்தில் பிய்ந்தால் நான் டியூபைச் சந்தேகப்பட மாட்டேன்.

பட்டறை போட்ட புதிதில் நானும் இதே குறைக்கு ஒரு பெரியவரிடம் இரண்டு டியூப் விற்றேன். மூன்றாவது தடவை அவர் டிராக்டரோடு வந்தார். டயர் ஓரத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு, அதற்கு நேராக ரிம்மில் ஒரு கோடு. "காலையில இதுங்க ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு தம்பி, இப்ப பாரு" என்றார். நான்கு விரற்கடை விலகியிருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

காற்று குறைந்தால் டயரின் ஓரம் ரிம்மை இறுக்கிப் பிடிக்காது. பாரம் இழுக்கும்போது ரிம் முன்னே சுற்ற, டயர் கொஞ்சம் பின்தங்கும். உள்ளே இருக்கும் டியூப் டயரோடு ஒட்டிக்கொண்டு போகும். வால்வு மட்டும் ரிம் ஓட்டையில் மாட்டிக்கொண்டு நிற்கும். முதலில் சாயும், அப்புறம் அடியில் விரிசல், கடைசியில் பிய்யும். வலது சக்கரம் என்று எழுதியிருக்கிறீர்களே, சட்டிக் கலப்பை (வட்டத் தட்டு வைத்தது) ஓட்டுகிறீர்களா? அதில் வலது சக்கரம் சாலுக்குள், அதாவது உழுத பள்ளத்துக்குள், இறங்கி ஓடும், வண்டியின் பாரம் அந்தப் பக்கம் சாயும். அதனால் கோளாறு முதலில் அங்கேதான் தெரியும்.

பின் டயருக்கு வயலில் 12 முதல் 16 பவுண்டு வரை காற்று வேண்டும். உங்கள் டயருக்குச் சரியான அளவை வண்டியோடு தந்த புத்தகத்தில் பாருங்கள். லாரிக்குக் காற்றடிக்கும் கேஜில் 12 என்பது முள் நகர்ந்தும் நகராத இடம். 8 இருந்தாலும் அதே மாதிரிதான் தெரியும். அந்தக் கேஜை நம்பியே பாதிப் பேர் டியூபைக் கொல்கிறார்கள். சிறிய அளவு காட்டும் கேஜ் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்து, காலையில் டயர் சூடேறும் முன் பாருங்கள்.

இந்த முறை டயரைக் கழற்றும்போது ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். துருவும் உரிந்த பெயிண்டும் இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். வால்வு ஓட்டையின் விளிம்பு கூராக இருந்தால் அரத்தால் ராவிவிடுங்கள். டயர் சுலபமாக ஏறட்டும் என்று ஓரத்தில் கிரீஸோ டீசலோ தடவ யாரையும் விடாதீர்கள். அது ரப்பரையும் கெடுக்கும், வழுக்கலையும் கூட்டும். சோப்புத் தண்ணீர் போதும். மாட்டி முடித்ததும் அந்தப் பெரியவர் போல ஒரு சுண்ணாம்புக் கோடு.

அறுந்த டியூபைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வால்வைச் சுற்றியுள்ள ரப்பர் நன்றாக இருந்தால், ரப்பரைச் சூடாக்கி ஒட்டும் வல்கனைசிங் பட்டறையில் புது வால்வு வைத்துச் சூட்டு ஒட்டுப் போட்டுத் தருவார்கள். வால்வின் அடியில் பித்தளை இருப்பதற்குக் காரணம் உண்டு. ரப்பரில் உள்ள கந்தகம் சூட்டில் பித்தளையின் செம்போடு சேர்ந்து பிடித்துக்கொள்ளும். குளிர் ஒட்டுக்கும் வெறும் சொல்யூஷனுக்கும் அந்தப் பிடி வராது. கிழிசல் உள்ளங்கை அகலத்துக்கு ஓடியிருந்தால் மட்டும் புது டியூப்.

கேள்வி: காபித் தோட்டத்தில் பவர் டில்லர் வைத்திருக்கிறோம். சாயங்காலம் காற்றடித்தால் காலையில் டயர் படுத்திருக்கிறது. இரண்டு முறை சேலத்துக்கு இறக்கி ஒட்டப் பார்த்தோம். தொட்டியில் முக்கிப் பார்த்து ஓட்டையே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். (வாசகி, நாகலூர், ஏற்காடு)

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஓட்டை இல்லை என்று கேட்டுவிட்டுத் திரும்பி ஏறுவது கொடுமைதான் அம்மா. அடுத்த தடவை இறங்கும் முன் இதைச் செய்யுங்கள்.

மூடியைக் கழற்றிவிட்டு வால்வின் வாயில் எச்சிலைத் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால், வால்வுக்குள் காற்றை அடைத்துப் பிடிக்கும் ‘பின்’ (pin) தளர்ந்திருக்கிறது, இல்லை அதன் ரப்பர் வளையம் போயிருக்கிறது. பைக் டியூபில் போடும் அதே பின்தான் பெரும்பாலும் இதற்கும் சேரும். இரண்டு வாங்கி டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். தலையில் பிளவு வைத்த உலோக மூடி கிடைக்கும். அதைத் தலைகீழாகத் திருப்பினால் பின்னை முடுக்கும் சாவி அதுவே. பிளாஸ்டிக் மூடியை எறிந்துவிட்டு அதை மாட்டுங்கள். சேறு உள்ளே போகாது, பின் கொஞ்சம் கசிந்தாலும் தடுத்து நிறுத்தும்.

எச்சிலில் குமிழி வரவில்லையா? டியூபைத் தண்ணீரில் முக்கி, வால்வைக் கையால் நான்கு பக்கமும் வளைத்துப் பாருங்கள். நேராக நிற்கும்போது மூடிக்கொண்டு, வளைத்தால் மட்டும் திறக்கிற அடிவிரிசல் ஒன்று உண்டு. சேலத்துக் கடையில் அதைத்தான் தவறவிட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவசரத்தில் நானும் விட்டிருக்கிறேன்.

இன்னொன்று. மலை மேலே காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் ஏற்காட்டில் சரியாக அடித்த டயர் சேலத்துக்கு வந்ததும் கேஜில் ஒன்றிரண்டு பவுண்டு குறைத்துக் காட்டலாம். அதைக் கசிவு என்று எண்ணிப் பயப்பட வேண்டாம்.

கேள்வி: எடைக்காகப் பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருக்கிறோம். பருத்திக் கட்டை இடித்து வால்வு வளைந்து ஒழுகுகிறது. நாங்களே கழற்றலாமா? (வாசகர், ஆத்தூர்)

தண்ணீரோடு கழற்றாதீர்கள். உள்ளே 150 லிட்டருக்கு மேல் இருக்கும், அவ்வளவு கிலோ சக்கரத்தின் எடையோடு சேரும். சாய்ந்தால் இரண்டு ஆள் பிடித்தாலும் நிற்காது. மற்ற சக்கரங்களுக்குக் கல் கொடுங்கள், ஜாக்கிக்கு அடியில் அகலமான பலகை போடுங்கள், வால்வைக் கீழே கொண்டுவந்து முதலில் தண்ணீரை வடியுங்கள். திரும்ப நிரப்பும்போது வால்வு உச்சியில் இருக்க வேண்டும். வால்வு வழியாகத் தண்ணீர் வழிந்தால் முக்கால் பங்கு நிரம்பியது என்று கணக்கு. மீதி காற்று. அதற்குப் பிறகு காற்றைப் பார்ப்பதும் வால்வை மேலே வைத்துத்தான், இல்லாவிட்டால் கேஜுக்குள் தண்ணீர் போய்விடும். உங்கள் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வால்வு பின் சீக்கிரம் அரிக்கும், வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

கேள்வி: டியூபுக்குள் ஊற்றும் பஞ்சர் தடுப்புத் திரவம் நல்லதா? (இளைஞர், ஓமலூர்)

சீமைக்கருவேல முள் குத்திய சின்ன ஓட்டைக்குச் சரி தம்பி. வால்வு அடியில் பிய்ந்ததற்கு அது உதவாது. வால்வு பின்னையும் சில சமயம் அடைத்துவிடும். முள் உள்ளேயே முறிந்து கிடந்தால் திரவம் எத்தனை ஊற்றினாலும் அது குத்திக்கொண்டே இருக்கும். டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள், முள் துணியில் மாட்டும். வெறுங்கை வேண்டாம்.

ஊற்றியிருந்தால் ஒட்டக் கொடுக்கும்போது கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒருவர் சொல்லாமல் கொடுத்தார். தீபாவளிக்கு எடுத்த என் வேட்டி இன்றைக்கும் பச்சையாகத்தான் இருக்கிறது, பட்டறையில் கை துடைக்க.