ஜெர்மனி நர்ஸிங் பயிற்சிக்கு மகள், மையத்திடம் அப்பாவின் வெற்று செக்

கேள்வி (உசிலம்பட்டி பக்கத்திலிருந்து ஓர் அப்பா எழுதியது, சுருக்கியிருக்கிறேன்): மகள் பிளஸ் டூ முடித்ததும், ஜெர்மனியில் மூன்று வருட நர்ஸிங் பயிற்சிக்கு அனுப்புவதாகச் சொன்ன ஒரு மையத்தின் மதுரைக் கிளையில் சேர்த்தோம். மொழி வகுப்புக்கும் ஹாஸ்டலுக்கும் 1,80,000 ரூபாய் கட்டினோம். நடுவில் விலகினால் 5 லட்சம் தரவேண்டும் என்று ஒப்பந்தம். ஜாமீனுக்கு நான் கையெழுத்துப் போட்டேன், தொகை எழுதாத செக் இரண்டு கொடுத்தேன். ஒரிஜினல் மார்க் ஷீட்டும் அவர்களிடம்தான். வாத்தியார் மாறிக்கொண்டே இருந்தார், சாப்பாடு சரியில்லை, ஒரு இன்டர்வியூகூட வாங்கித் தரவில்லை. மகள் தானே படித்து பி1 என்ற ஜெர்மன் மொழித் தேர்வு பாஸாகி, அங்கே இருக்கும் சீனியர் மூலம் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சி இடம் வாங்கிவிட்டாள். இப்போது 5 லட்சம் தராவிட்டால் செக்கை பேங்கில் போடுவோம் என்று மிரட்டுகிறார்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப லைசென்ஸே இல்லாதவர்கள். மோசடிப் புகார் கொடுக்கலாமா? மகளின் விசா நின்றுவிடுமா?

பதில்: நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வாத்தியாருக்கு ஒரு பக்கம், ஹாஸ்டல் சாம்பாருக்கு அரைப் பக்கம், செக்குக்கு ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிதான் கேஸ். மற்றதை எந்த மாஜிஸ்திரேட்டும் கேட்கப்போவதில்லை.

மகள் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். செக்கில் இருப்பது உங்கள் கையெழுத்து. கேஸ் வந்தால் உங்கள் மேல்தான் வரும், அதனால் அவள் விசாவுக்கோ பாஸ்போர்ட்டுக்கோ ஒன்றும் ஆகாது, விண்ணப்ப வேலை நடக்கட்டும். 5 லட்சம் ஒப்பந்தமும் அவ்வளவு பயப்படும்படி இல்லை. எவ்வளவு எழுதியிருந்தாலும் ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி கோர்ட் நியாயமான நஷ்டஈடுதான் தரும். அந்தப் பயிற்சியில் சேர்ந்தால் ஆஸ்பத்திரியே மாதாமாதம் பிள்ளைக்கு உதவித்தொகை கொடுக்கிறது, இடம் வாங்கியதும் அவளேதான், அப்புறம் இவர்களுக்கு எங்கே 5 லட்சம் நஷ்டம் என்று கேட்டால் திணறுவார்கள். ஆனால் கையில் செக் இருக்கும்போது யார் கோர்ட் ஃபீஸ் கட்டி சிவில் கேஸ் போடுவார்கள்?

லைசென்ஸ் பாயிண்ட் உங்களுக்குப் பெரிய துருப்பாகத் தெரிகிறது. 1983-ம் வருட குடிபெயர்வுச் சட்டப்படி பதிவில்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது குற்றம், பதிவு செய்த ஏஜென்டே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர சர்வீஸ் கட்டணம் வாங்கக் கூடாது, எல்லாம் சரி. ஆனால் நீங்கள் அனுப்பிய ரசீதைப் பாருங்கள், ‘ஜெர்மன் மொழி வகுப்புக் கட்டணம்’ என்றுதான் இருக்கிறது. நாங்கள் பாஷை சொல்லிக்கொடுத்தோம், அவள் போவது படிப்புக்கு, வேலைக்கே இல்லை என்பார்கள். பேரம் பேசும்போது இந்தப் பாயிண்ட் உதவும். செக் கேஸில் இதை நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டுதான் சொல்ல முடியும், அதுவும் விசாரணைக் கட்டத்தில்.

வெற்று செக்தானே, அவர்களே தொகை எழுதினால் செல்லாது என்று ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள். கையெழுத்துப் போட்டு மனமறிந்து கொடுத்த வெற்று செக்கை வாங்கியவர் நிரப்பினாலும், அது கடனுக்காகக் கொடுத்தது என்ற அனுமானம் நிற்கும் என்று 2019-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடன் இல்லை என்று காட்டுவது உங்கள் வேலை. ஸ்டாப் பேமென்ட் கொடுத்தாலும், அக்கவுன்ட்டையே மூடினாலும் 138 கேஸ், அதாவது செக் பணமாகாமல் திரும்பினால் போடும் கிரிமினல் கேஸ், வரும். கணக்கில் போதுமான பணம் இருந்து, காரணத்தையும் முன்கூட்டியே எழுதிக்கொடுத்து நிறுத்தியிருந்தால் வாதத்துக்குக் கொஞ்சம் பலம், அவ்வளவுதான்.

இன்னொன்று, ரசீதில் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நீங்கள் பணம் போட்ட அக்கவுன்ட் பெங்களூரு கிளையில் இருக்கிறது. 2015 திருத்தத்துக்குப் பிறகு, செக் வாங்கியவர் எந்தக் கிளையில் கணக்கு வைத்திருக்கிறாரோ அந்த ஊர் கோர்ட்டில்தான் கேஸ். அதே கணக்கில் செக்கைப் போட்டால் உசிலம்பட்டியிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் பெங்களூரு பஸ் ஏற வேண்டும். போகாமல் விட்டால் வாரண்ட். குற்றத்தை மறுத்தால் வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால நஷ்டஈடு கட்டச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு, கட்டாயமாகச் சொல்ல வேண்டும் என்றில்லை.

நான் பார்த்த கட்சிக்காரர்கள் பெரும்பாலும் விழுவது இங்கேதான்: கோபத்தில் முதலில் போலீஸுக்குப் போவார்கள், ஸ்டேஷனிலிருந்து மையத்துக்கு போன் போகும், அந்த வாரமே செக் பேங்குக்குப் போய்விடும். அப்புறம் ஸ்டேஷனில் உட்கார்த்தி, ‘பாக்கிப் பணத்தைத் தவணையில் தந்துவிடுகிறேன்’ என்று எழுதி வாங்குவார்கள். கடன் இருக்கிறது என்று நீங்களே எழுதிக்கொடுத்த அந்தக் காகிதம்தான் பின்னால் அவர்கள் தரப்பு ஆவணமாக வரும். இன்னும் சிலர் மார்க் ஷீட் கிடைக்காத அவசரத்தில், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் தொலைந்துவிட்டது என்று போலீஸில் மனு கொடுத்து டூப்ளிகேட் வாங்கப் போவார்கள். தெரிந்தே பொய் மனு, ஒரிஜினல் எதிராளி பீரோவில் இருக்கிறது, இதைவிடச் சுலபமாக அவன் உங்களை மாட்டிவிட முடியாது. மார்க் ஷீட்டைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமையே கிடையாது. கல்விச் சான்றிதழ் அடமானப் பொருள் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை எழுத்தில் கேளுங்கள், தபால் ரசீதை வைத்திருங்கள்.

என்னைக் கேட்டால் செட்டில் செய்யுங்கள், செக் பேங்குக்குப் போவதற்கு முன்னாடியே. கௌரவம் போகிறது என்று மச்சினன் குதிப்பார், அவரா பெங்களூரு போகப்போகிறார்? அவர்கள் இரண்டு லட்சத்தில் தொடங்கினாலும், வகுப்புக்கும் ஹாஸ்டலுக்கும் நிஜமாகவே பாக்கி ஏதும் இருந்தால் அதை ஒட்டித்தான் பேச்சு முடியவேண்டும், லைசென்ஸ் விஷயத்தை அந்த மேஜையில் எடுங்கள். ரொக்கமாக ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பேங்க் வழியாகக் கட்டுங்கள், இரண்டு செக்கும் மார்க் ஷீட்டும் ஒப்பந்த ஒரிஜினலும் அதே நேரத்தில் கைக்கு வரவேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு ‘செக் ஹெட் ஆபீஸில் இருக்கிறது, அடுத்த வாரம் கொரியர் பண்றோம்’ என்பார்கள், எழுந்து வந்துவிடுங்கள். செக் தொலைந்துவிட்டது என்றால், அந்த நம்பர்களைக் குறிப்பிட்டு இனி இவற்றின் மேல் எந்த உரிமையும் இல்லை என்று லெட்டர் பேடில் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள்.

பேசுவதற்குள் செக்கைப் போட்டு வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டால், தபால்காரரைத் திருப்பி அனுப்பாதீர்கள். சரியான முகவரிக்கு வந்ததை வாங்க மறுத்தால் வாங்கியதாகத்தான் கணக்கு. வந்த நாளிலிருந்து 15 நாள் இருக்கிறது, அதற்குள் கடன் எதுவும் இல்லை, செக் எதற்காகக் கொடுத்தது என்று வக்கீல் மூலம் பதில் போயிருக்க வேண்டும். செக் நம்பர் குறித்து வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாஸ்புக்கையும் செக் புத்தக அடிக்கட்டையையும் பேங்குக்கு எடுத்துப்போங்கள், இன்னும் பாஸாகாத இலைகள் எவை என்று பார்த்துச் சொல்வார்கள்.