கேமரா கேள்விகள்: அரங்கேற்ற மேடை முதல் அலமாரிப் பூஞ்சை வரை

கேள்வி: மூத்த மகளின் அரங்கேற்றத்தை 18–55 கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்த்தே தரப்படுவது) பொருத்திய கேமராவில் எட்டாவது வரிசையிலிருந்து எடுத்தேன். படங்கள் மஞ்சள் பூத்து, கைகள் இழுபட்டு, முகம் வெளுத்து வந்திருக்கின்றன. ஒரு படத்தின் விவரத்தில் 1/30, எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 800 என்று இருக்கிறது. இளைய மகளின் சலங்கை பூஜை வரப்போகிறது. புதிய கேமரா வாங்க வேண்டுமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: வேண்டாம். நீங்கள் குறித்து அனுப்பியிருக்கும் மூன்று எண்களிலேயே நோயும் மருந்தும் இருக்கின்றன. ஷட்டர் நொடியில் 30-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்திருக்கிறது. அலபத்மம் பிடித்த கை மேலிருந்து கீழே வரும் வேகத்தில், அந்த நேரத்துக்குள் நான்கு விரற்கடையாவது நகர்ந்துவிடும். கை இழுபட்டது அதனால்தான். ஒளியைக் கேமரா எவ்வளவு நுட்பமாக உணர வேண்டும் என்பதைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 800-இலிருந்து 3200-க்கு உயர்த்தியிருந்தால், அதே வெளிச்சத்தில், ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல், ஷட்டர் 1/125-க்கு வந்திருக்கும். ஐ.எஸ்.ஓ. உயர்ந்தால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்று பலரும் அஞ்சுகிறார்கள். புள்ளி விழுந்த படத்தை ஓரளவு சரிசெய்துவிடலாம், அச்சில் அது அவ்வளவாகத் தெரியவும் தெரியாது. ஆனால் அசைந்து கலங்கிய படத்தைத் தெளிவாக்க நம்பகமான வழி கிடையாது.

பணம் செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் கேமராவுக்குப் பதிலாக 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்குங்கள். அநேகமாக எல்லாக் கேமரா நிறுவனங்களும் விற்கிற, அவரவர் வரிசையில் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று அது. கிட் லென்ஸை 55-க்கு நீட்டியதும் அதன் துளை எஃப் 5.6-க்கு மேல் விரியாது (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது), எஃப் 1.8 துளையோ அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். இந்த லென்ஸில் ஜூம் இல்லை என்பதால் நீங்கள்தான் நகர்ந்து உட்கார வேண்டும். உங்கள் கேமரா ஏ.பி.எஸ்.-சி எனப்படும் நடுத்தர அளவுச் சென்சார் (ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு) கொண்டதாக இருந்தால், மேடையிலிருந்து 5 மீட்டர் தூரத்தில் கேமராவைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது சுமார் 2.3 மீட்டர் உயரம் சட்டத்துக்குள் அடங்கும். தலைக்கு மேல் உயர்ந்த கை முதல் சலங்கை வரை வெட்டுப்படாமல் வர அது போதும். ஆகவே எட்டாவது வரிசையை விட்டுவிட்டு முன்வரிசைக்கு வாருங்கள். அம்மாவுக்கு அங்கே இடம் தராத சபா உண்டா என்ன?

முகம் வெளுத்ததற்கு மேடையின் கறுப்புத் திரைதான் காரணம். சட்டத்தில் பெரும்பகுதி இருட்டாக இருப்பதைப் பார்த்த கேமரா வெளிச்சம் போதவில்லை என்று முடிவுகட்டி ஒளியைக் கூட்டிவிட்டது. கேமரா தீர்மானிக்கும் ஒளியை நாம் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை மைனஸ் 1-இல் வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நெற்றிச்சுட்டியும் பொட்டும் தெளிவாகத் தெரிந்தால் சரி, இன்னும் வெளுத்திருந்தால் மேலும் குறையுங்கள். மஞ்சளுக்கு, விளக்கின் நிறத்தை ஈடுகட்டும் ஒயிட் பேலன்ஸில் பல்பு படம் போட்ட அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் நிறத்தைப் பின்னால் வீட்டில் நிதானமாக மாற்றிக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் மேலாக ஆட்டத்தைக் கவனியுங்கள். வேகமான ஜதியில் பாதங்களை உறையவைக்க 1/500 தேவைப்படும். ஆனால் தீர்மானம் (ஜதிக்கோவையின் முடிவு அடவுகள்) முடிந்து குழந்தை ஒரு கணம் நிற்கிறாளே, அந்தக் கணத்துக்கு 1/125 தாராளம். வீட்டில் பயிற்சியைத் தினமும் பார்த்துவரும் உங்களுக்கு அந்த நிறுத்தம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும், கூலிக்கு வரும் புகைப்படக்காரருக்குத் தெரியாது. பிளாஷை மட்டும் அணைத்துவிடுங்கள். கேமராவோடு வரும் சிறு பிளாஷ் சில மீட்டருக்கு மேல் எட்டாது, ஆடுகிறவரின் கண்ணையும் கூசச் செய்யும்.

கேள்வி: வெள்ளைச் சுவரின் முன் வேட்டி சட்டையில் அப்பாவை நிறுத்தி எடுத்தேன். வேட்டி சாம்பல் நிறத்தில் வருகிறது. கேமராவில் கோளாறா? (வாசகர், காரைக்குடி)

பதில்: கோளாறு இல்லை. இது முந்தைய கறுப்புத் திரை விவகாரத்தின் மறுபக்கம். கேமராவின் ஒளிமானிக்கு வேட்டியும் தெரியாது, சுவரும் தெரியாது. எதிரில் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம், அதாவது தன்மீது விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பொருள், என்றே அது எண்ணிக்கொள்ளும். வெள்ளை நிறைந்த காட்சியைக் காட்டினால் ஒளியைக் குறைத்துச் சாம்பலாக்கும். எருமையைக் காட்டினாலோ கூட்டிச் சாம்பலாக்கும். ஆகவே வெள்ளைக்குப் பிளஸ், கறுப்புக்கு மைனஸ். உங்கள் படத்துக்குப் பிளஸ் 1-இல் தொடங்குங்கள். வேட்டியின் மடிப்புகள் மறைந்து வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டால் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நின்று கேமராத் திரையைப் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. இடப்பக்கம் இருட்டும் வலப்பக்கம் வெளிச்சமுமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தை வரவழைத்து, மேடு வலது ஓரத்தில் போய் முட்டி நிற்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: லென்ஸுக்கு யு.வி. ஃபில்டர் கட்டாயமா? (வாசகர், ஈரோடு)

பதில்: இல்லை. டிஜிட்டல் கேமராக்களின் சென்சாருக்கு முன்னாலேயே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அந்த வேலையைச் செய்யும் வடிகட்டி இருக்கிறது. கடற்கரை உப்புக்காற்றிலும் புழுதியிலும் எடுக்கும்போது மட்டும் லென்ஸின் பாதுகாப்புக்காக மாட்டலாம். மற்றபடி அந்தப் பணத்துக்கு பக்கவாட்டு ஒளியை மறைக்கும் ஒரு லென்ஸ் ஹூட் வாங்குவது மேல்.

கேள்வி: மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் ஏதோ படர்ந்திருக்கிறது. துடைத்தால் போகவில்லை. (வாசகி, நாகப்பட்டினம்)

பதில்: பூஞ்சைதான். எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. ஓர் ஐப்பசியில், நல்ல தோல் உறையில் போட்டு அலமாரியின் அடித்தட்டில் பத்திரமாக வைத்த லென்ஸைத் தை பிறந்துதான் எடுத்தேன். பின்புறம் டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மயிரிழைகளாகக் கிளை விட்டிருந்தது. பழுது பார்ப்பவர் பிரித்துத் துடைத்துத் தந்தார். ஆனாலும் கண்ணாடியின் மேற்பூச்சைப் பூஞ்சை அரித்த தடம் அப்படியே நிற்கிறது. எதிர்வெளிச்சத்தில் எடுத்தால் படம் இன்றும் பால் கலந்ததுபோல் மங்கலாகத்தான் வருகிறது. பத்திரம் என்று நான் நம்பிய தோல் உறையே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நீங்களாகப் பிரிக்க வேண்டாம், தாமதிக்கவும் வேண்டாம். தொடக்க நிலையில் முழுவதும் நீங்க வாய்ப்பு உண்டு. இனிமேல் மூடி இறுக்கமாகப் பொருந்தும் பிளாஸ்டிக் டப்பாவில், உறையில்லாமல், சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடனும் ஒரு சிறு ஈரப்பதமானியுடனும் வையுங்கள். மானி 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் காட்டினால் போதுமானது. ஜெல் ஈரம் குடித்து நிறம் மாறியதும் சூடுபடுத்தி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். ஜெல்லுக்குப் பதில் அரிசி போட்டு வைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அரிசி மாவு லென்ஸ் வளையத்தின் இடுக்கில் புகுந்தால் அது இன்னொரு தொல்லை. வாரம் ஒருமுறை வெளியே எடுத்து நாலு படமாவது எடுங்கள்.

கேள்வி: என் போன் 108 மெகாபிக்சல், நண்பரின் கேமரா 24 மெகாபிக்சல்தான். ஆனாலும் அவர் படமே நன்றாக இருக்கிறது. எப்படி? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: வயலின் பரப்பைப் பாராமல் பாத்திகளை மட்டும் எண்ணினால் விளைச்சல் தெரியாது. ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய கேமரா சென்சார் 36-க்கு 24 மி.மீ., அதாவது 864 சதுர மி.மீ.; போனின் சென்சாரோ அதில் ஒரு சிறு பங்குதான். அத்தனை சிறிய இடத்தில் 108 மில்லியன் பிக்சல்களை, அதாவது ஒளி வாங்கும் புள்ளிகளை, நெருக்கினால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் ஒளி சொற்பமாகிவிடும். அதனால்தான் இத்தகைய போன்கள் பெரும்பாலும் ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத் தருகின்றன. ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் நேர்த்தியாக அச்சிட 9 மெகாபிக்சலுக்கும் குறைவாகவே தேவைப்படும். பகல் வெளிச்சத்தில் உங்கள் போனும் சளைத்ததல்ல; வித்தியாசம் விளக்கு வைத்த பிறகுதான் தெரியும்.

கேள்வி: மெமரி கார்டிலிருந்து காதுகுத்துப் படங்களைத் தவறுதலாக அழித்துவிட்டேன். மீட்க முடியுமா? (வாசகர், தேனி)

பதில்: பெரும்பாலும் முடியும், அந்தக் கார்டில் அதன்பின் ஒரு படம்கூட எடுக்காமல் இருந்தால். அழிக்கும்போது போவது பெயர்ப் பட்டியல் மட்டும்தான். அந்த இடத்தில் புதிய படம் எழுதப்படும் வரை பழையது உள்ளேயே கிடக்கும். கார்டை இப்போதே கேமராவிலிருந்து கழற்றிவிடுங்கள். கணினியில் மீட்பு மென்பொருளை இயக்கி, கிடைக்கும் படங்களைக் கணினியிலேயே சேமியுங்கள். அதே கார்டில் சேமித்தால், மீட்க வேண்டிய மற்ற படங்களின்மேல் நீங்களே எழுதியதாகிவிடும்.