டாக்டரிடம் கேளுங்கள்: “மாதம் இரண்டு சனிக்கிழமைதான்...”

கேள்வி: வயது 28, ஐடி வேலை. நண்பர் ஒருவர் ‘கோக்’ (கொகெய்ன்) கொண்டுவருவார். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, சரக்கோடு சேர்த்து இழுப்போம். சிகரெட் கிடையாது, தினமும் ஜிம். போன முறை நெஞ்சு படபடவென்று அடித்து, இடது பக்கம் இறுக்கிப் பிடித்தது. அரை மணியில் சரியாகிவிட்டது. பயப்பட வேண்டுமா? (பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: வேண்டும். வழக்கமாக இந்தப் பக்கத்தில் ‘கவலைப்படாதீர்கள்’ என்றுதான் ஆரம்பிப்பேன். இந்த முறை மனசு வரவில்லை.

1884-ல் வியன்னாவில் கார்ல் கொல்லர் என்ற இளம் மருத்துவர், கண் மரத்துப்போக இதே கொகெய்னைத்தான் சொட்டு விட்டார். பிறகு மூக்கு ஆபரேஷனிலும் பயன்பட்டது. மரக்கச் செய்வதோடு ரத்தக் குழாயையும் சுருக்கும், ரத்தம் அதிகம் கசியாது. சரி, மூக்கில் நல்லதாகத் தெரியும் அந்த வேலையை அது இதயத்தின் குழாய்களிலும் செய்யும். இதயமோ அதே நேரம் தறிகெட்டு ஓடி, கூடுதல் ரத்தம் கேட்கும். போதாததற்கு ரத்தமும் எளிதில் உறையும். இழுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் சுமார் 24 மடங்கு என்று 1999-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. ஜிம் உடம்பு இதற்குக் கவசம் இல்லை. சரக்கு சேர்ந்தால் கல்லீரல் இரண்டையும் கலந்து கோக்காஎத்திலீன் என்ற புதுப் பொருளைத் தயாரிக்கும். அது கொகெய்னைவிட அதிக நேரம் ரத்தத்தில் தங்கும், இதயத்துக்கு இன்னும் கெடுதல்.

சில வருடங்களுக்கு முன் நைட் டியூட்டியில் முப்பதைத் தாண்டாத ஒருவர், வியர்த்துக் கொட்ட, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். “ஏதாவது எடுத்தீங்களா?” என்றேன். தலையை ஆட்டி மறுத்தார். மனைவி பில் கட்டப் போனதும் என் கையைப் பிடித்து இழுத்து, “டாக்டர், கோக்” என்றார். நல்லவேளை சொன்னார். நெஞ்சுவலிக்கு நாங்கள் சாதாரணமாகக் கொடுக்கும், இதயத் துடிப்பைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மருந்து, கொகெய்ன் உள்ளே இருக்கும்போது குழாயை இன்னும் இறுக்கிவிடலாம். நாங்கள் துருவிக் கேட்பது மருந்தைத் தேர்ந்தெடுக்கத்தான்.

அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று கொண்டுவரும் நண்பருக்கே தெரியாது. லெவமிசோல் என்ற குடற்புழு மருந்தைக் கலப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அது வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும்.

இந்த வாரமே இசிஜி, எக்கோ எடுங்கள். எதற்காக என்று டாக்டரிடம் மறைக்காதீர்கள். கொகெய்னை விடுவதற்கென்று மாத்திரை கிடையாது, கவுன்சலிங்தான் வழி. 14446 இலவச எண், கூப்பிட்டுப் பேசலாம்.

அப்புறம், அந்த இறுக்கம் மறுபடி வந்தால் அரை மணி பார்ப்போம் என்று உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். நண்பரின் பைக்கில் மட்டும் ஏறாதீர்கள், அவரும் இழுத்திருப்பார்.